557 என்ற எண்ணுள்ள கப்பல்



திரவத்தின் அழுத்தம் எதைப் பொறுத்தது என்று கேட்டால் நீங்கள் உடனே விடை சொல்வீர்கள். ஆழம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் இந்தப் பெருக்கல் எத்தனை பெரிய உண்மையைச் சொல்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

2021-ஆம் ஆண்டு மார்ச் மாதம், பிலிப்பைன்ஸ் நாட்டின் சமார் தீவுக்குக் கிழக்கே, கடல்மட்டத்திலிருந்து 6,456 மீட்டர் ஆழத்தில், ஓர் ஆய்வு நீர்மூழ்கியின் விளக்கொளியில் ஒரு கப்பலின் முன்பகுதி தெரிந்தது. அதன் இரு பக்கங்களிலும் 557 என்ற எண் படிக்கக்கூடிய நிலையில் இருந்தது. 76 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய அமெரிக்க நாசகாரிக் கப்பல் 'ஜான்ஸ்டன்' அதுதான். அக்கப்பலின் கதையை உங்களுக்குச் சொல்லப் போகிறேன். வீரக் கதையாக மட்டுமன்றி, நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியல் மனித உயிர்களோடு எவ்வாறு பின்னிக் கிடக்கிறது என்பதை அறிவதற்காகவும் இதைப் படியுங்கள்.

நாசகாரி என்றால் என்ன?

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடற்படைகளுக்கு ஒரு புதுத் தொல்லை வந்தது. டார்பிடோ என்னும் நீரடிக் குண்டுகளை ஏந்திய சின்னஞ்சிறு படகுகள் மாபெரும் போர்க்கப்பல்களைக் கூட மூழ்கடிக்க வல்லவையாயின. அப்படகுகளை விரட்டி அழிப்பதற்கென்றே 1890-களில் விரைவான ஒரு கப்பல் வகை உருவாக்கப்பட்டது. டார்பிடோப் படகுகளை நாசம் செய்வதால் அதற்கு நாசகாரி என்று பெயர் வந்தது. பின்னர் அதுவே டார்பிடோக்களையும் சுமக்கத் தொடங்கியது. நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாடும் பணியும் அதற்கு வந்து சேர்ந்தது.

ஜான்ஸ்டன் 'பிளெட்சர்' வகையைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இவ்வகையில் 175 கப்பல்கள் கட்டப்பட்டன. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 1942 மே மாதம் ஜான்ஸ்டனின் கட்டுமானம் தொடங்கியது. 1943 மார்ச்சில் அது நீரில் இறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 27-இல் பணியில் சேர்ந்தது. நீளம் சுமார் 115 மீட்டர். இரண்டு சுழலிகள் சேர்ந்து 60,000 குதிரைத்திறன் தந்தன. அதனால் 35 நாட்டுக்கு மேல், அதாவது மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் அது ஓடும். 5 அங்குல விட்டமுள்ள பீரங்கிகள் ஐந்தும், பத்து டார்பிடோக் குழாய்களும் அதன் முக்கிய ஆயுதங்கள்.

இத்தனை வேகத்திற்கு அக்கப்பல் கொடுத்த விலை என்ன? கவசம். அதன் பக்கத் தகடுகள் 2 செ.மீ. தடிப்புக்கூட இல்லாதவை. ஆகவே மாலுமிகள் வேடிக்கையாக இவ்வகைக் கப்பல்களைத் 'தகர டப்பாக்கள்' என்று அழைத்தனர்.

கப்பலின் தளபதி எர்னஸ்ட் எவன்ஸ். ஒக்லஹோமா மாநிலத்தில் பிறந்தவர். அமெரிக்கப் பூர்வகுடி மரபினர். கப்பல் பணியில் சேர்ந்த நாளன்றே தம் மாலுமிகளிடம், இது ஆபத்தை நோக்கிச் செல்லும் கப்பல் என்றும், உடன்வர விருப்பமில்லாதோர் இப்போதே இறங்கிக் கொள்ளலாம் என்றும் அவர் அறிவித்தார்.

அடுத்த ஓராண்டில் ஜான்ஸ்டன் பசிபிக் கடலெங்கும் பணியாற்றியது. 1944-இன் தொடக்கத்தில் மார்ஷல் தீவுகளில் தரையிறங்கிய படைகளுக்குப் பீரங்கித் துணை அளித்தது. மே 16-இல் வேறு இரு நாசகாரிகளுடன் சேர்ந்து 'ஐ-176' என்ற ஜப்பானிய நீர்மூழ்கியை மூழ்கடித்தது. ஜூலையில் குவாம் தீவிலும், பின்னர் பெலிலியுவிலும் அதன் பணி தொடர்ந்தது. பிறகு வந்தது அக்டோபர் 25.

யானைக்கு எதிரே ஒரு முயல்

அன்று காலை சமார் தீவருகே ஆறு சிறிய விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு மூன்று நாசகாரிகளும் நான்கு துணை நாசகாரிகளும் காவலாக இருந்தன. ஏழு மணியளவில் வடமேற்கிலிருந்து, எவரும் எதிர்பாராத வகையில், ஜப்பானியத் தளபதி குரிட்டாவின் பெரும்படை வந்துவிட்டது. நான்கு பெரும் போர்க்கப்பல்கள், ஆறு கனரகக் குரூசர்கள், இரண்டு இலகு குரூசர்கள், பதினொரு நாசகாரிகள்! அவற்றுள் ஒன்று 'யமாட்டோ'. போரில் ஈடுபட்ட போர்க்கப்பல்களிலேயே அளவில் பெரிய வகை அது. மூன்று பீரங்கிகளைத் தாங்கிய அதன் ஒரு சுழல்கூண்டின் எடை மட்டுமே ஏறக்குறைய ஒரு நாசகாரியின் எடைக்குச் சமம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஜான்ஸ்டனின் குண்டு சுமார் 25 கிலோகிராம். அது பீரங்கியை விட்டு வெளியேறும் வேகம் விநாடிக்குச் சுமார் 790 மீட்டர். யமாட்டோவின் குண்டு 1,460 கிலோகிராம். வேகம் விநாடிக்கு 780 மீட்டர். வேகங்கள் ஏறக்குறைய ஒன்றே. இயக்க ஆற்றல் நிறையில் பாதியையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கிய தொகையல்லவா? கணக்கிட்டுப் பாருங்கள். முதலாவதற்குச் சுமார் 78 லட்சம் ஜூல். இரண்டாவதற்குச் சுமார் 44 கோடி ஜூல். ஐம்பத்தேழு மடங்கு!

விமானந்தாங்கிகளின் வேகம் சுமார் 18 நாட் மட்டுமே. துரத்தி வருபவை அவற்றைவிட மிக விரைவானவை. தப்பியோட வழியில்லை. இந்நிலையில் எவன்ஸ் மேலிடத்துக் கட்டளைக்காகக் காத்திராமல் தம் கப்பலை எதிரியை நோக்கித் திருப்பினார். போகும் வழியெல்லாம் புகையைக் கக்கிக் கொண்டே சென்றது ஜான்ஸ்டன்.

புகையும் ராடாரும்

புகை எதற்கு? அங்கேதான் ஒளியியல் வருகிறது. ஜப்பானியக் கப்பல்கள் தூரத்தை அளக்கப் பெரும்பாலும் கண்ணாடிக் கருவிகளையே நம்பியிருந்தன. நீண்ட குழாயின் இரு முனைகளிலும் இரண்டு கண்ணாடிகள். இரண்டும் ஒரே பொருளைப் பார்க்கும்போது அவற்றுக்கிடையே உண்டாகும் சிறு கோணத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடுவார்கள். யமாட்டோவின் தூரமானி 15 மீட்டர் நீளமுடையது. எனினும் 20 கி.மீ. தொலைவிலுள்ள கப்பலுக்கு அக்கோணம் ஒரு பாகையில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவே. இத்தனை நுட்பமான அளவைக்குத் தெளிவான காட்சி வேண்டும். அதைத்தான் புகை மறைத்தது.

புகை இருவகை. கொதிகலன் உலைக்குச் செல்லும் காற்றைக் குறைத்தால் எண்ணெய் முழுதும் எரியாமல் கரும்புகை வரும். கப்பலின் பின்பக்கத்திலிருந்து வெளியேறிய வேதிப்பொருளோ காற்றின் ஈரத்தை ஈர்த்து நுண்துளிகளாகி வெண்புகையாகப் பரவியது. ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகையால் இந்த நுண்துளிகள் அதை எளிதில் சிதறடித்துவிடும்.

ஆனால் ஜான்ஸ்டனிடம் ராடார் இருந்தது. அதன் அலைநீளம் பல பத்துச் சென்டிமீட்டர். சிறு கூழாங்கல்லைப் பொருட்படுத்தாமல் கடலலை கடந்து செல்வதுபோல, இந்த வானொலி அலை புகைத்துளிகளைப் பொருட்படுத்தாது. 15 கி.மீ. தொலைவுக்குச் சென்று மீள ஒளிவேகத்தில் அதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். ஒருவர் கண்ணைக் கட்டிவிட்டு, தாம் மட்டும் பார்த்துக்கொண்டு சண்டையிடுவதைப் போன்றது இது.

பற்சக்கரக் கணிப்பொறி

தூரம் தெரிந்தால் மட்டும் போதுமா? குண்டு இலக்கை அடைய 20 விநாடி ஆகிறது என்று கொள்வோம். எதிரிக் கப்பல் 30 நாட் வேகத்தில், அதாவது விநாடிக்குச் சுமார் 15.4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 20 விநாடிக்குள் அது 308 மீட்டர் நகர்ந்துவிடும். ஒரு பெரிய குரூசரின் நீளமோ சுமார் 200 மீட்டர். ஆகவே இப்போது கப்பல் இருக்கும் இடத்தைக் குறிவைத்தால் குண்டு வெறும் கடலில்தான் விழும். அது எங்கே இருக்கப் போகிறது என்பதைக் கணிக்க வேண்டும். தன் கப்பலின் வேகம், அலையில் அது ஆடும் ஆட்டம், காற்று எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதைச் செய்ய கப்பலின் உள்ளே ஒரு கணிப்பொறி இருந்தது. இன்றைய மின்னணுக் கணிப்பொறியன்று. பற்சக்கரங்களும் தண்டுகளும் உருளைகளும் கொண்ட, ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள எந்திரம். அதன் ஒரு பகுதியை மட்டும் விளக்குகிறேன். சீராகச் சுழலும் வட்டத்தட்டு ஒன்றின்மீது ஒரு குண்டுமணி உருள்கிறது. மணி மையத்தில் இருந்தால் அது சுழலாது. விளிம்பை நோக்கி நகர்த்த நகர்த்த விரைவாகச் சுழலும். தட்டின் சுழற்சி நேரத்தைக் குறிக்கட்டும். மையத்திலிருந்து மணியின் தொலைவு வேகத்தைக் குறிக்கட்டும். அப்போது மணி சுழன்ற மொத்த அளவு எதைக் குறிக்கும்? கடந்த தூரத்தை! மேல்வகுப்பில் நீங்கள் படிக்கப்போகும் தொகை நுண்கணிதத்தை அந்த மணி உருண்டே செய்து முடித்தது.

இக்கருவிகளின் துணையால் ஜான்ஸ்டன் 200-க்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பின் தன் பத்து டார்பிடோக்களையும் ஏவிவிட்டுப் புகைக்குள் திரும்பியது. அவற்றுள் ஒன்று 'குமானோ' என்ற கனரகக் குரூசரின் முனையைச் சிதைத்தது. சுமார் 375 கிலோகிராம் வெடிமருந்து 13,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலைப் போரிலிருந்தே விலக்கிவிட்டது. காரணம், நீர் எளிதில் அமுங்காது. காற்றில் வெடித்தால் அதிர்ச்சியின் பெரும்பகுதி காற்றை அமுக்குவதிலேயே வீணாகிவிடும். நீரில் வெடித்தாலோ அது அப்படியே கப்பலின் வயிற்றில் வந்து மோதும்.

மெல்லிய தகடு செய்த உதவி

ஏறக்குறைய ஏழரை மணிக்கு ஜான்ஸ்டன் மீது பெரும் போர்க்கப்பல் ஒன்றின் மூன்று குண்டுகளும், உடனே பின்தொடர்ந்து மூன்று சிறு குண்டுகளும் பாய்ந்தன. பின்புற எந்திரங்கள் நின்றன. வேகம் 17 நாட்டாகக் குறைந்தது. திசைகாட்டும் கைரோ செயலிழந்தது. பலர் மடிந்தனர். எவன்ஸ் தம் இடக்கையின் இரு விரல்களை இழந்தார்.

ஆனாலும் கப்பல் மூழ்கவில்லை. ஏன்? பெரும் போர்க்கப்பல்களின் குண்டுகள் தடித்த கவசத்தைத் துளைத்து உள்ளே சென்றபின், ஒரு கணம் தாமதித்து வெடிக்குமாறு அமைக்கப்பட்டவை. 2 செ.மீ.க்கும் குறைந்த தகட்டில் அவை பெரும்பாலும் ஒருபுறம் நுழைந்து, வெடிப்பதற்குள் மறுபுறம் வெளியேறிவிடும். மென்மையே அன்று ஒருவகைக் காப்பாக ஆயிற்று. ஆனால் எத்தனை முறை? துளைகள் துளைகள்தாமே!

நல்லவேளையாக மழை ஒன்று வந்து சில நிமிடம் கப்பலை மறைத்தது. அதற்குள் அவசரப் பழுதுகள் பார்க்கப்பட்டன. டார்பிடோக்கள் தீர்ந்துவிட்டன. ஓர் எந்திரம்தான் ஓடுகிறது. அந்நிலையிலும் மற்ற நாசகாரிகள் தாக்கச் சென்றபோது துணையாக எவன்ஸ் தம் கப்பலைத் திருப்பினார். பின்னர் 'கேம்பியர் பே' என்ற விமானந்தாங்கி சுடப்படுவதைக் கண்டு, சுடும் குரூசரின் கவனத்தைத் தம்பால் இழுக்க முயன்றார். ஜப்பானிய நாசகாரிகள் வரிசையாக விமானந்தாங்கிகளை நெருங்கியபோது, தனியாக அவற்றின்மீது சுட்டார். அவை தொலைவிலேயே டார்பிடோக்களை ஏவிவிட்டுத் திரும்பின. அவற்றில் ஒன்றும் இலக்கைத் தாக்கவில்லை. கப்பலின் மேல்தளம் சிதைந்தபின் எவன்ஸ் பின்பக்கத்திற்குச் சென்று, திறந்த வாயில் வழியே கீழே கத்திக் கட்டளையிட, மாலுமிகள் சுக்கானைக் கைகளாலேயே திருப்பினர்.

9.45 மணிக்குக் கப்பலைக் கைவிடுமாறு கட்டளை பிறந்தது. 10.10-க்கு ஜான்ஸ்டன் மூழ்கியது. அதற்கு முன்பே குரிட்டா தம் படையைத் திருப்பியிருந்தார். ஆறு விமானந்தாங்கிகளில் பீரங்கிச் சூட்டில் மூழ்கியது கேம்பியர் பே மட்டுமே. ஜப்பானியர் தரப்பிலும் மூன்று கனரகக் குரூசர்கள் அழிந்தன; அங்கும் ஏராளமான இளைஞர்கள் கடலோடு போயினர். ஜான்ஸ்டன் மூழ்கியபோது அருகே சென்ற ஜப்பானிய நாசகாரி ஒன்றின் தளபதி நின்று வணக்கம் செலுத்தியதாக உயிர் பிழைத்தவர்கள் கூறினர்.

போருக்குப் பின் நேர்ந்த சாவு

இனி நான் சொல்லப் போவதைக் கவனமாகப் படியுங்கள். ஜான்ஸ்டனில் இருந்தோர் 327 பேர். உயிர் தப்பியோர் 141 பேர். மாண்ட 186 பேரில் எதிரியின் தாக்குதலில் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 50 பேர் மட்டுமே. சுமார் 45 பேர் மிதவைகளில் காயங்களால் இறந்தனர். கப்பல் மூழ்கியபின் உயிரோடு நீரில் இருந்த ஏறக்குறைய 92 பேர் திரும்பவே இல்லை. அவர்களுள் எவன்ஸும் ஒருவர். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அவர் மறைவுக்குப்பின் அவருக்கு வழங்கப்பட்டது.

அப்படியானால் மீட்புக் கப்பல்கள் ஏன் வரவில்லை? வந்தன, ஆனால் ஏறக்குறைய இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 27-ஆம் நாள். மிதந்துகொண்டிருந்தவர்களின் இருப்பிடம் பற்றி முதலில் அனுப்பப்பட்ட செய்தியில் பிழை இருந்தது. தேடியவர்கள் வேறிடத்தில் தேடினர். நீரோட்டமோ மிதவைகளை இழுத்துக்கொண்டே சென்றது. தாகம், காயம், சுறாக்கள் ஆகியவற்றால் ஒவ்வொருவராக மறைந்தனர். சிலர் கடல்நீரைக் குடித்தனர். கடல்நீரில் உப்பு ஏறக்குறைய நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. அந்த உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் குடித்ததைவிட அதிக நீரைச் செலவிட வேண்டும். ஆகவே குடிக்கக் குடிக்க உடல் வறண்டுபோகும்.

அளவைப் பிழை என்றால் ஆய்வுக்கூடத்தில் ஒரு மதிப்பெண் குறையும் என்றுதானே நினைக்கிறோம்? ஒரு கணக்கைப் பாருங்கள். இருப்பிடத்தில் 5 கி.மீ. பிழை இருந்தால் தேடவேண்டிய வட்டத்தின் பரப்பு சுமார் 79 சதுர கி.மீ. பிழை 50 கி.மீ. ஆனால் பரப்பு சுமார் 7,850 சதுர கி.மீ. பிழை பத்து மடங்கு; தேடல் நூறு மடங்கு! நிலவரைக் கோட்டில் அரைப் பாகை தவறாகக் குறித்தாலே 55 கி.மீ. விலகிவிடுவோம்.

நசுங்காத பீரங்கிகள்

தொடக்கத்தில் சொன்ன ஆழத்திற்கு மீண்டும் வருவோம். 2019 அக்டோபரில் 'பெட்ரல்' என்ற ஆய்வுக் கப்பல் சில சிதைவுகளைக் கண்டது. 2021-இல் விக்டர் வெஸ்கோவோ தம் நீர்மூழ்கியில் இறங்கி, கப்பலின் மூன்றில் இரண்டு பங்கான முன்பகுதியைக் கண்டு, எண்ணைப் படித்து அடையாளத்தை உறுதி செய்தார். டைட்டானிக் கிடப்பது சுமார் 3,800 மீட்டரில். இது அதைவிட இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழம். மேலிருந்து ஓர் ஒலித்துடிப்பை அனுப்பினால், நீரில் விநாடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் சென்று எதிரொலித்துத் திரும்ப எட்டரை விநாடிக்கு மேலாகும்.

அங்கே உங்கள் கட்டைவிரல் நகமளவு, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது சுமார் 660 கிலோகிராம் எடை அழுத்தும். ஒன்பது நெல்மூட்டைகளை நகத்தின்மேல் அடுக்கியதற்கு ஒப்பாகும். வெஸ்கோவோ அமர்ந்திருந்தது 9 செ.மீ. தடிப்புள்ள டைட்டானியக் கோளத்தினுள். அப்படியிருக்க, ஜான்ஸ்டனின் மெல்லிய தகடுகளும் பீரங்கிக் கூண்டுகளும் ஏன் தாள்போல் நசுங்கிவிடவில்லை?

விடையை நீங்களே சொல்லிவிடலாம். அவற்றின் உள்ளும் புறமும் நீர் நிறைந்திருக்கிறது. இரு பக்கமும் ஒரே அழுத்தம். அழுத்தம் எவ்வளவு என்பதன்று, அழுத்த வேறுபாடு எவ்வளவு என்பதே ஒரு பொருளை நசுக்குகிறது. நீர்மூழ்கியின் உள்ளே மனிதர் மூச்சுவிடுவதற்குரிய சாதாரணக் காற்று. அதனால்தான் அதற்கு அத்தனை தடித்த சுவர்.

2022 ஜூனில் ஜான்ஸ்டனோடு போரிட்ட 'சாமுவேல் ராபர்ட்ஸ்' 6,895 மீட்டரில் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை அடையாளம் காணப்பட்ட சிதைவுகளில் ஜான்ஸ்டனே மிக ஆழத்திலிருந்தது. இரு கப்பல்களும் மாலுமிகளின் கல்லறைகள் என்பதால் அங்கிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை.

557 என்ற எண்ணைக் கண்டுபிடிக்க 76 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த மாலுமிகளுக்கு வேண்டியிருந்ததோ இரண்டே எண்கள்: ஒரு நிலவரைக் கோடு, ஒரு நிலநிரைக் கோடு. அவை சரியாகவும் உரிய நேரத்திலும் கிடைத்திருந்தால் 92 பேரில் பலர் வீடு திரும்பியிருப்பார்கள். அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுக்கும்போது, பூச்சியப் பிழையை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.